ஊர் வீட்டில் பாட்டு தானாக ஒலிக்க எந்த இணைப்பு? டெல்டா வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ அப்பா, அம்மா மட்டும் இருக்கும் வீடு. காலை ஐந்தரைக்கு நாகஸ்வரம் தானாக ஒலிக்க வேண்டும். விளக்கேற்றும் நேரத்துக்கு வேறு பாட்டு. கையில் ஸ்பாட்டிஃபை இசைச் சேவையின் சந்தா இருக்கிறது. அதை எக்கோ ஸ்பீக்கரில் இணைப்பதா, கூகுள் ஸ்பீக்கரில் இணைப்பதா, அல்லது ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று வாங்கி, வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளைப் போடுவதா?

கேள்வி கருவியைப் பற்றியது. ஆனால் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் பெரும்பாலும் கருவியால் கெடுவதில்லை. யாருடைய கணக்கு என்று யோசிக்காமல் இணைப்பதால்தான் கெடுகின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

கணக்கு யாருடையது? தனிநபர் சந்தா ஒரு மதகு மாதிரி; ஒரு நேரத்தில் ஒரு வாய்க்காலுக்குத்தான் தண்ணீர் விடும். மகன் தன் கணக்கை ஊர் வீட்டு ஸ்பீக்கரில் இணைத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அலுவலகம் போகும் வழியில் காரில் பாட்டுப் போடுகிறான். அதே நொடியில் மன்னார்குடிக் கூடத்தில் ஆலாபனை பாதியில் நின்றுபோகிறது. அப்பா ஸ்பீக்கர் பழுது என்று நினைத்து ஒயரைப் பிடுங்கி வைத்துவிடுகிறார். நான்கு நாள் இப்படி நடந்தால் பிறகு அதை யாரும் தொடமாட்டார்கள். இதோடு, அப்பா கேட்பதெல்லாம் மகனின் கணக்கில் பதிவாகி, இருவருக்கும் வரும் பரிந்துரைகளும் குழம்பிவிடும்.

குடும்பத் திட்டம் எடுத்தால் ஆளுக்கொரு கணக்கு கிடைக்கும். ஆனால் எல்லோரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும் என்பது ஸ்பாட்டிஃபை குடும்பத் திட்டத்தின் நிபந்தனை. சிங்கப்பூரில் இருக்கும் மகளும் கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவும் அதில் முறையாகச் சேர முடியாது. எந்த வழியில் போனாலும், ஊர் வீட்டுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை அப்பா அல்லது அம்மாவின் மின்னஞ்சலில் தொடங்குவதுதான் சரி. அவர்கள் போன் எண்ணையே கொடுங்கள். ஓடிபி உங்கள் போனுக்கு வந்தால், நீங்கள் விமானத்தில் இருக்கும் நாளில் அவர்களுக்குப் பாட்டு இல்லை.

மின்சாரமும் இணையமும் போனால் என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கிளை விழுந்து ஃபைபர் ஒயர் அறுவதை டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு நாகை, திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த அளவுக்குப் போகாத சாதாரண மழைநாளிலும், இன்வெர்ட்டர் ஓடும்போது மோடத்துக்கு மின்சாரம் வருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் மோடம் இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத பிளக்கில்தான் இருக்கிறது.

தொடங்குவது யார், நிறுத்துவது யார்? எக்கோ ஸ்பீக்கரிடமும் கூகுள் ஸ்பீக்கரிடமும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பேச வேண்டும். அம்மாவுக்கு இது ஒரு தடை. அதைவிடப் பெரியது நிறுத்துவது. எதிர்வீட்டில் துக்கம் நடந்த அன்று காலை ஐந்தரைக்கு நம் வீட்டில் மங்கல வாத்தியம் முழங்கினால், அந்த வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? தெருவில் துக்கம் என்றால் பாட்டுப் போடாத ஊர் நம்முடையது. நேரம் பார்த்து ஓடும் கருவிக்கு அது தெரியாது. ஊரில் இருப்பவர்கள், யாருக்கும் போன் செய்யாமல், கண்ணாடி தேடாமல், ஒரே செயலில் நிறுத்த முடிய வேண்டும். இந்த அளவுகோலில் தோற்கும் ஏற்பாட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கம்பெனி விதியை மாற்றினால்? கூகுள் பிளே மியூசிக் 2020 இல் மூடப்பட்டது. விங்க் மியூசிக் 2024 இல். பொறுக்கிச் சேர்த்த பட்டியல்கள் ஆப்போடு போய்விடக் கூடாது என்றால் அவற்றின் நகல் வேறெங்காவது இருக்க வேண்டும். நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி; ஒவ்வொன்றின் விளக்கமும் அடுத்து வருகிறது.

| | ஸ்பீக்கர் ஆப்பில் இணைப்பு | ஹோம் அசிஸ்டன்ட் + ஸ்பாட்டிஃபை | மியூசிக் அசிஸ்டன்ட் + சொந்தக் கோப்புகள் | இணைக்காமல் விடுவது |
|---|---|---|---|---|
| அமைக்கும் உழைப்பு | ஒரு மாலை நேரம் | ஒரு வார இறுதி | பல வாரம், சிறிது சிறிதாக | இல்லை |
| கட்டணச் சந்தா | சேவையைப் பொறுத்தது | கட்டாயம் | தேவையில்லை | தேவையில்லை |
| இணையம் இல்லாதபோது | ஓடாது | ஓடாது | ஓடும் | ஓடும் |
| பெரியவர்கள் நிறுத்துவது | எட்டும் உயரத்தில் ஸ்விட்ச் | சுவர்ப் பொத்தான் வைக்கலாம் | சுவர்ப் பொத்தான் வைக்கலாம் | எளிது |
| பழுது பார்ப்பவர் | யாராலும் முடியும் | அமைத்தவர் மட்டும் | அமைத்தவர் மட்டும் | வேண்டியதில்லை |

## 1. ஸ்பீக்கரின் ஆப்பிலேயே கணக்கை இணைப்பது

இதுவே எளிய வழி. எக்கோவுக்கான அலெக்சா ஆப்பின் அமைப்புகளில் இசைச் சேவைகள் பகுதிக்குப் போய், புதிய சேவையை இணை என்பதைத் தொட்டு ஸ்பாட்டிஃபைக்குள் நுழைந்தால் வேலை முடிந்தது. அதே பக்கத்தில் வழக்கமான சேவையாகவும் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பாட்டு கேட்கும்போது வேறு சேவையில் தேடும். கூகுள் ஹோமிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான். இணைக்கும்போது உங்கள் கடவுச்சொல் ஸ்பீக்கருக்குப் போவதில்லை, ஓர் அனுமதி மட்டுமே போகிறது. வேண்டாம் என்றால் ஸ்பாட்டிஃபை கணக்குப் பக்கத்தில் அந்த அனுமதியை நீக்கிவிடலாம்.

காலை ஐந்தரை மணிப் பாட்டுக்கு ஹோம் அசிஸ்டன்ட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, இரு ஆப்களிலும் ரொட்டீன் என்ற வசதி இருக்கிறது. நேரத்தைக் குறித்து, முதல் செயலாக ஒலி அளவையும் இரண்டாவதாகப் பாட்டையும் வையுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முந்தைய இரவு பேரன் கிரிக்கெட் வர்ணனைக்கு ஏற்றிவைத்த ஒலி அளவிலேயே விடியற்காலைத் தவில் தொடங்கினால் தெருவே எழுந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு, கர்நாடக இசையும் நாகஸ்வரமும் கேட்பவர்களுக்கு அதிகம். ஒரே கீர்த்தனையை ஐம்பது பேர் பாடியிருப்பார்கள். பட்டியலில் ஆங்கில எழுத்தில் உள்ள பெயர்களில் ஒழுங்கே கிடையாது: தோடி ஓர் ஆல்பத்தில் ஹெச் எழுத்தோடும் இன்னொன்றில் அது இல்லாமலும் இருக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வாய்ச்சொல்லில் வரவழைக்க முயன்றால், வேறு யாரோ வாசித்த வேறு ராகம் வருவது சகஜம். நாகூர் ஹனீபாவின் பாடல்களைத் தேடினாலும் இதே கதை. குரலைப் பாட்டுத் தேடப் பயன்படுத்தாதீர்கள். கணக்கில் நீங்களே பட்டியல் தயாரித்து, அதற்கு ஸ்பீக்கர் தவறாமல் புரிந்துகொள்ளும் ‘மார்னிங் ஒன்’ போன்ற எளிய பெயர் வையுங்கள். அம்மா அந்த இரண்டு சொல்லைச் சொன்னால் போதும்.

இன்னொன்று: அமெரிக்காவில் இருக்கும் மகன் தன் அமெரிக்க அமேசான் கணக்கில் பதிவுசெய்த எக்கோவை ஊருக்குக் கொண்டுவருவதுண்டு. எந்த நாட்டுக் கணக்கோ அந்த நாட்டுச் சேவைகள்தான் பட்டியலில் வரும். இந்திய இசைச் சேவையான ஜியோசாவனை அதில் தேடி அலைய வேண்டாம். ஸ்பீக்கரை அப்பாவின் இந்தியக் கணக்கில் மறுபடி பதிவுசெய்யுங்கள்.

ரொட்டீனை ஒரு நாள் மட்டும் நிறுத்த ஆப்புக்குள் போக வேண்டும். அந்த ஆப் மகனின் போனில் மட்டும் இருந்தால் துக்க வீட்டுப் பிரச்சினை தீராது. ஆப்பை அப்பா போனிலும் போட்டுக் காட்டுங்கள், அல்லது ஸ்பீக்கரை எட்டும் உயரத்தில் உள்ள ஸ்விட்ச் பெட்டியில் இணையுங்கள். இரண்டாவதுதான் நடைமுறையில் வேலைக்கு ஆகிறது.

## 2. ஹோம் அசிஸ்டன்ட்டில் ஸ்பாட்டிஃபையை இணைப்பது

ஹோம் அசிஸ்டன்ட் 2013 இல் தொடங்கிய திறமூல மென்பொருள். வீட்டு விளக்கு, மோட்டார், கதவு உணர்கருவி எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் வைத்து இயக்குகிறது. வாசலில் ஆள் வந்தால் பாட்டின் ஒலி குறைய வேண்டும், மேல்தொட்டி நிரம்பி மோட்டார் நின்றதும் பாட்டு தொடர வேண்டும் என்பவர்களுக்கு இது பொருத்தமானது.

இங்கே கணக்கை இணைக்கும் முறை வேறு. ஸ்பாட்டிஃபையின் டெவலப்பர் தளத்தில் உங்கள் பெயரில் ஓர் ஆப் பதிவுசெய்ய வேண்டும். ஹோம் அசிஸ்டன்ட் ஆவணத்தில் தரப்பட்டுள்ள திரும்பு முகவரியை (உள்நுழைந்த பிறகு ஸ்பாட்டிஃபை உங்களைத் திருப்பி அனுப்பும் இணைய முகவரி) அதில் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒட்ட வேண்டும். அங்கே கிடைக்கும் அடையாள எண்ணையும் ரகசியச் சாவியையும் ஹோம் அசிஸ்டன்ட்டில் கொடுத்த பிறகுதான் வழக்கமான நுழைவுப் பக்கம் வரும். நுழைவில் பிழை என்று வந்தால் பத்தில் ஒன்பது முறை அந்தத் திரும்பு முகவரிதான் காரணம். கடைசியில் ஒரு சாய்கோடு கூடியிருந்தாலும் ஏற்காது. அப்பாவின் கணக்கையும் சேர்க்க வேண்டுமென்றால், டெவலப்பர் தளத்தின் பயனர் பட்டியலில் அவருடைய மின்னஞ்சலையும் முதலில் சேர்த்தாக வேண்டும். பாட்டை இயக்கவும் நிறுத்தவும் பிரீமியம் சந்தா இல்லாமல் முடியாது.

இதெல்லாம் முடிந்த பிறகு பலருக்கு ஏமாற்றம் தருவது ஒன்று உண்டு. இந்த இணைப்பு பாட்டை ஒலிக்கச் செய்வதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கருக்கு உத்தரவு மட்டும் கொடுக்கிறது. ஸ்பாட்டிஃபை கனெக்ட் பட்டியலில், அதாவது ஸ்பாட்டிஃபை பாட்டை அனுப்பக்கூடிய கருவிகளின் பட்டியலில், தெரிகிற கருவிக்குத்தான் அந்த உத்தரவு போகும். இரவெல்லாம் சும்மா இருந்த ஸ்பீக்கர் விடியற்காலையில் அந்தப் பட்டியலில் இல்லாமல் போவதுண்டு. ஐந்தரைக்கு உத்தரவு போகிறது, கேட்க யாருமில்லை, வீடு அமைதியாக இருக்கிறது. இதற்கு நல்ல தீர்வு லிப்ரெஸ்பாட் என்ற சிறு மென்பொருளை ராஸ்ப்பெர்ரி பையில் போட்டு, அந்தப் பையையே எப்போதும் விழித்திருக்கும் ஸ்பாட்டிஃபை கருவியாக்குவது. அதிலிருந்து ஓர் ஒயர் கூடத்தில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் போனால் போதும்.

எக்கோவை ஹோம் அசிஸ்டன்ட்டோடு சேர்க்கப் பயன்படும் அலெக்சா மீடியா பிளேயர் தன்னார்வலர்கள் எழுதியது. அமேசான் உள்நுழைவில் ஏதாவது மாறினால் அறுந்துவிடும். வைஃபை வழியே பாட்டை வாங்கி ஒலிக்கும் கூகுள் காஸ்ட் ஸ்பீக்கர்களுக்கான ஆதரவு ஹோம் அசிஸ்டன்ட்டிலேயே இருப்பதால், இந்த வழியில் போகிறவர்கள் அதை வாங்குவதே மேல்.

2024 நவம்பரில் ஸ்பாட்டிஃபை, புதிதாகப் பதிவாகும் ஆப்களுக்குப் பரிந்துரைகளையும், தானே தொகுக்கும் பட்டியல்கள் பலவற்றையும் தருவதை நிறுத்தியது. இங்கும் சொந்தப் பட்டியல்களையே நம்புங்கள்.

மின்செலவு பெரிதல்ல. ராஸ்ப்பெர்ரி பை சராசரியாக 5 வாட் இழுத்தாலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம்தான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. மின்சாரம் அடிக்கடி போய் வரும் வீட்டில் பையின் எஸ்டி கார்டு கெட்டுப்போகும். அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற உறுதியான சேமிப்புக் கருவியைப் போடுங்கள், இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் வையுங்கள். அமைத்தவர் ஊரில் இல்லாதபோது பார்க்க ஆள் கிடையாது என்பதையும் கணக்கில் எடுங்கள். திருவாரூரில் மிக்சி பழுது பார்க்கக் கடை இருக்கிறது; ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு நீங்கள்தான் கடை.

## 3. மியூசிக் அசிஸ்டன்ட்: சொந்தக் கோப்புகள் அடித்தளம், சந்தா மேல்தளம்

ஹோம் அசிஸ்டன்ட் போடத் துணிந்தவர்கள் இந்த இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மியூசிக் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருள் ஹோம் அசிஸ்டன்ட்டோடு சேர்ந்து ஓடுகிறது. வீட்டில் உள்ள பாட்டுக் கோப்புகள், ஸ்பாட்டிஃபை பிரீமியம் கணக்கு, இணைய வானொலி ஆகிய மூன்றையும் ஒரே நூலகமாகக் காட்டி, தானே ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்புகிறது. கனெக்ட் பட்டியலில் கருவி தெரிய வேண்டும் என்ற கவலை இல்லை. ஸ்பாட்டிஃபை சந்தா முடிந்தாலும் கோப்புகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். யூடியூப் மியூசிக்கையும் சேர்க்கலாம், ஆனால் அந்த இணைப்பு அதிகாரபூர்வமானதல்ல. அவ்வப்போது அறுந்து மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்.

டெல்டா வீடுகளுக்கு இது பொருந்தக் காரணம், இங்கே பாட்டு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அப்பாவின் கேசட்டுகள், அக்கா கல்யாணத்தில் பதிவுசெய்த நாகஸ்வரக் கச்சேரி, உள்ளூர்க் கோயில் விழாவில் கேட்டுப் பதிந்தவை. இவற்றில் பெரும்பகுதி எந்தச் சேவையிலும் கிடைக்காது. 320 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர இசை 144 எம்பி. 64 ஜிபி மெமரி கார்டில் 400 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாம். இடம் பிரச்சினையே இல்லை.

நேரம்தான் பிரச்சினை. 60 நிமிடக் கேசட்டைக் கணினியில் ஏற்ற 60 நிமிடம் ஆகும், குறுக்குவழி கிடையாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் வாசித்தவர், ராகம், இடம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நூலகம் முழுக்கப் பெயரில்லாத டிராக்குகளாகக் கிடக்கும். ஆனால் இந்த வேலையை அப்பாவோடு உட்கார்ந்து செய்யலாம். இது யார் வாசித்தது, எந்த வருஷத்துத் திருவிழா என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அவர் மட்டுமே அறிந்த தகவல் அது. இன்னும் சில ஆண்டுகள் கழித்து எந்தத் தேடலும் அதைத் தராது.

இணையம் இல்லாமலும் ஓட வேண்டும் என்றால் ஸ்பீக்கரைத் தேர்வுசெய்வதில் கவனம் வேண்டும். கோப்பு வீட்டுக்குள் இருந்தாலும் எக்கோ இணையம் இல்லாமல் அசையாது. காஸ்ட் ஸ்பீக்கரும் பாட்டைத் தொடங்க இணையத்தை நாடும். ராஸ்ப்பெர்ரி பை 4 இல் ஹெட்போன் துளை இருக்கிறது; அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் போட்டால் வெளியுலகத் தொடர்பே வேண்டாம். பை 5 இல் அந்தத் துளை இல்லை, யுஎஸ்பி ஒலிக் கருவி ஒன்று தனியாக வாங்க வேண்டும். ரேழி, கூடம், முற்றம் என்று நீளும் பழைய ஓட்டு வீட்டின் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை கொல்லைப்புறம் வரை போகாது. ஒயர் போட்ட பெட்டிக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

நிறுத்தும் அளவுகோலில் இந்த வழிதான் முதலிடம். ராஸ்ப்பெர்ரி பையில் ஒரு ஜிக்பீ டாங்கிள் (ஒயரில்லாப் பொத்தான்களோடு பேசும் சிறு யுஎஸ்பி கருவி) செருகி, காசு வடிவ பேட்டரியில் ஓடும் சிறு பொத்தானைப் பூஜை அறை நிலைப்படியருகே ஒட்டுங்கள். ஒரு தட்டலில் காலைப் பட்டியல், இரண்டு தட்டலில் மாலைப் பட்டியல், அழுத்திப் பிடித்தால் நிற்பது மட்டுமல்ல, மறுபடி தட்டும் வரை தானாகத் தொடங்காமலும் இருக்கும்படி அமைக்கலாம். இதற்கு ஹோம் அசிஸ்டன்ட்டில் ‘பாட்டு வேண்டாம்’ என்று ஒரு சாவி உருவாக்கி, ஐந்தரை மணி விதி அதைப் பார்த்த பிறகே ஓட வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் போதும். குரல் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், போன் வேண்டாம். இந்தப் பொத்தானை இரண்டாவது வழியிலும் வைக்கலாம். ஆனால் அங்கே இணையம் போனால் பொத்தானை அழுத்தினாலும் பாட்டு வராது.

## 4. எதையும் இணைக்காமல் விடுவது

இதையும் ஒரு தேர்வாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா போனில் தானே பாட்டுப் போட்டு புளூடூத் ஸ்பீக்கரில் கேட்கிறார் என்றால் அதைக் கலைக்க வேண்டாம். பதிவிறக்கம் உள்ள சந்தாவாக இருந்தால் இணையம் இல்லாமலும் கேட்கலாம். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது போன் இணையத்துக்கு வந்தால் சரி. வானொலியும் இருக்கிறது. திருச்சி வானொலி நிலையம் 1939 முதல் ஒலிக்கிறது; ஆகாசவாணி 2016 இல் தொடங்கிய ‘ராகம்’ அலைவரிசை 24 மணி நேரமும் சாஸ்திரிய இசை தருகிறது. தை மாதம் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின்போது ஆகாசவாணி நேரடியாக ஒலிபரப்புகிறது. அன்றைக்கு எந்தப் பட்டியலும் அதற்கு ஈடாகாது.

## யாருக்கு எது

பெற்றோர் தனியாக இருக்கிறார்கள், நீங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே வருகிறீர்கள் என்றால் முதல் வழி. தனிக் கணக்கு, ஒரு ரொட்டீன், எட்டும் உயரத்தில் ஒரு ஸ்விட்ச். அதற்கு மேல் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது வழியைத் தனியாக நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. சந்தாவும் கட்ட வேண்டும், கணினியும் பராமரிக்க வேண்டும், இணையம் போனால் அதுவும் நிற்கும். ஏற்கெனவே ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் வீட்டில், விளக்கோடும் கதவோடும் பாட்டைச் சேர்க்க வேண்டிய தேவை உண்மையாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஊரிலேயே இருக்கிறீர்கள், கேசட்டும் பழைய பதிவுகளும் இருக்கின்றன, வீட்டில் ஒருவருக்காவது கணினியில் கைப்பழக்கம் உண்டு என்றால் மூன்றாவது வழிதான். சந்தாவைப் பிறகு சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம்.

கும்பகோணத்தில் காபிக்கடையோ தங்கும் விடுதியோ நடத்துபவர்களுக்கு மேலே சொன்ன சந்தா வழிகள் எதுவும் செல்லாது. இந்தக் கணக்குகள் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே. கடையில் பாட்டுப் போட தனி உரிமம் வேண்டும்.

எதை வாங்குவதாக இருந்தாலும், அதற்கு முன் ஊர் வீட்டில் ஒருநாள் மாலை மெயின் ஸ்விட்சை அணைத்து, இன்வெர்ட்டர் ஓடும்போது மோடத்தில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் ஸ்பீக்கருக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அல்லது மோடத்துக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். பிறகு ஃபைபர் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, எந்தப் பாட்டையாவது போட முடிகிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள்.